அப்பாவின் ரிப்போட்டில் பி53 கூடுதலாக இருக்கிறது, அது நல்லதா?

தங்கச்சி, களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அப்பாவுக்கு 64 வயது, இளவயதிலிருந்தே பீடி. நுரையீரலில் இருப்பது சிறுகலப் புற்றுநோய் என்று பயொப்சி ரிப்போட் சொல்கிறது. கடைசிப் பந்தியில் மூன்று விடயம்: பி53 பலமான நேர்மறை, ஆர்பி இழக்கப்பட்டுள்ளது, கேஐ-67 ஏறத்தாழ 90 சதவீதம். தேடிப் பார்த்ததில் பி53, ஆர்பி இரண்டுமே கட்டியை அடக்கும் புரதங்கள் என்று கண்டிருக்கிறீர்கள். ஒன்று நிறைய இருக்கிறது, மற்றது இல்லை, அப்படியென்றால் பாதிப் பாதுகாப்பாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பி53ஐக் கூட்டும் மாத்திரை என்று அண்ணன் ஒன்றை எடுப்பிக்கப் பார்க்கிறார், கொடுக்கலாமா, இந்த நோய் பரம்பரையாக உங்களுக்கும் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. ஊர் ஆரையம்பதி. கொழும்பில் 26 வருடம் இழைய ஆய்வுகூடத்தில் இருந்து, இப்படியான ரிப்போட்டுகளுக்குப் பின்னால் உள்ள கண்ணாடித் தகடுகளை வெட்டிச் சாயம் போட்டுக் கொடுத்தவன். அப்பாவுக்கு என்ன சிகிச்சை என்பதை அவருடைய வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த மூன்று வரியும் என்ன சொல்கின்றன என்பதை நான் சொல்லலாம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், காத்திருக்க வைக்க விரும்பவில்லை. இரண்டு புரதமுமே பழுதாகிவிட்டன. ஆர்பி இல்லாமல் போய்ப் பழுது. பி53 அளவுக்கு மிஞ்சிக் குவிந்து பழுது. ரிப்போட்டில் ‘பலமான நேர்மறை’ என்று வந்தால், அந்தக் கலங்களில் வேலை செய்யாத பி53 தேங்கிக் கிடக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த மாத்திரையை எடுப்பிக்க வேண்டாம்.

ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது என்று விளங்க, அந்தத் தகடு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். அப்பாவின் நெஞ்சிலிருந்து எடுத்த சின்னத் துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் 250 இல் ஒரு பங்கு தடிப்பில் சீவுவோம். வெங்காயத் தோலை விடப் பல மடங்கு மெல்லியது. அதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் இல்லாமல் கண்ணாடியில் ஏந்த வேண்டும். பிறகு பி53ஐ மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியை ஊற்றி, அது பிடித்த இடத்தில் மட்டும் கபில நிறம் வரும்படி செய்வோம். மற்றக் கருக்களெல்லாம் நீலமாகத் தெரியும். நல்ல இழையத்தில் பார்த்தால் நீலக் கருக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய கபிலப் புள்ளிகள்தான் இருக்கும். ஒன்று மங்கல், ஒன்று சற்றுக் கடுமை, பல வெறும் நீலம். அந்த ஒழுங்கில்லாத தோற்றம்தான் சுகமான தோற்றம். அப்பாவின் தகட்டில், எழுதியிருக்கிறபடி பார்த்தால், கட்டியின் கருக்கள் எல்லாமே ஒரே சீராகத் தேயிலைச் சாயம் போலக் கபிலமாய் இருந்திருக்கும். முதல் தடவை இப்படி ஒரு தகட்டைப் பார்த்தபோது சாயம் கூடிப்போய்விட்டதாக்கும் என்று நினைத்து நான் திரும்பவும் செய்தேன். இரண்டாம் தரமும் அப்படியே வந்தது.

காரணத்தை எங்கள் பக்கத்து விடயம் ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். படுவான்கரையில் வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்த பிறகு யானைக் காவலுக்குப் பரணில் ஆள் ஏறும். நம் கலத்துக்குள் பி53தான் அந்தக் காவல். ஆனால் ஒன்றுமில்லாத இரவில் இந்தக் காவற்காரனைக் கலம் வைத்திருப்பதில்லை. எம்டிஎம்2 என்று இன்னொரு புரதம், வந்த பி53ஐ ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அழிவுக்கு அனுப்பிவிடும். புதிது வரும், அதுவும் போகும். டிஎன்ஏ உடைந்தால், அதாவது யானை வட்டைக்குள் கால் வைத்தால், பி53இன் மேல் பொஸ்பேட்டு ஒட்டி எம்டிஎம்2இன் பிடியிலிருந்து அது தப்பிக்கிறது. ஆள் கூடுகிறது, பந்தம் கொளுத்துகிறார்கள், வெடி போடுகிறார்கள். பி21 என்ற புரதத்தை உண்டாக்கிக் கலப்பிரிவை நிறுத்துவார்கள். திருத்தக்கூடிய சேதம் என்றால் திருத்த நேரம் கிடைக்கும். திருத்த முடியாதென்றால் பாக்ஸ், பூமா போன்ற புரதங்களை எழுப்பி அந்தக் கலத்தையே தன்னைத்தானே அழித்துக்கொள்ள வைப்பார்கள்.

இதில் முக்கியமான இடம் இதுதான்: பி53 எழுப்பும் புரதங்களில் எம்டிஎம்2உம் ஒன்று. வேலை முடிந்ததும் தன்னை வீட்டுக்கு அனுப்பும் ஆளைத் தானே கூப்பிடுகிறது. விகாரம் அடைந்த, அதாவது ஜீனின் எழுத்து மாறிக் கெட்டுப்போன பி53 டிஎன்ஏயைப் பிடிக்கத் தெரியாதது. அதனால் பந்தமும் கொளுத்தாது, அனுப்பும் ஆளையும் கூப்பிடாது. வருகிறவன் வந்தபடி பரணில் ஏறிக் குந்திக்கொண்டேயிருக்கிறான். தூரத்திலிருந்து படம் பிடித்தால் பரண் நிறைய ஆள், கீழே வேளாண்மைக்குள் யானை. அப்பாவின் தகட்டில் தெரிந்த கபில நிறம் அந்தப் படம்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பி53 தனியாக வேலை செய்யாது, நான்கு சேர்ந்துதான் டிஎன்ஏயைப் பிடிக்கும். நம் கலங்களில் இந்த ஜீனுக்கு இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டு மற்றது நன்றாக இருந்தாலும், நால்வர் அணிக்குள் கெட்டவன் ஒருவன் புகுந்தால் பெரும்பாலும் அணியே தளர்ந்துவிடும். பிறகு நல்ல பிரதியும் காலப்போக்கில் தொலைந்துபோகும்.

நீங்கள் தவறாக விளங்கிக்கொண்டதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பி53ஐக் கண்டுபிடித்தவர்களே பத்து வருடம் இதே தவறில் இருந்தார்கள். 1979இல் அது கண்டறியப்பட்டபோது புற்றுக் கலங்களில் அது நிறைய இருந்ததால், புற்றை உண்டாக்குவதே இதுதான் என்று எண்ணினார்கள். ஆய்வுகூடங்களில் ஜீனைப் பிரித்தெடுத்து வைத்திருந்ததும் பெரும்பாலும் விகாரம் அடைந்த பிரதியாகவே இருந்தது. 1989 அளவில்தான், விகாரமற்ற பி53 கட்டியை அடக்குகிறது என்பது தெளிவானது. 1992இல் டேவிட் லேன் அதற்கு ‘மரபுத்தொகுதியின் காவலன்’ என்று பெயர் வைத்தார். பெயரைப் பார்த்துவிட்டு மாத்திரை விற்கிறவர்கள் அந்த முதல் பத்து வருடக் கதையை வாசிப்பதில்லை.

பீடிக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விட முடியாது. அப்பாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, அந்தக் காலத்தில் வயலிலும் தோணியிலும் பீடி இல்லாத கை குறைவு. பி53 என்பது 393 அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. நுரையீரல் புற்றில் அது சும்மா எங்கு வேண்டுமானாலும் உடைவதில்லை, சில இடங்களில் திரும்பத் திரும்ப உடைகிறது. புகையிலைப் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் உண்டு. உடல் அதைக் கழுவி வெளியேற்றப் போய் இன்னும் கொடியதாக மாற்றிவிடுகிறது, அது டிஎன்ஏயில் போய் ஒட்டிக்கொள்கிறது. 1996இல் ஆய்வாளர்கள் அந்தப் பொருளை மனிதக் கலங்களில் இட்டு, பி53 ஜீனில் எங்கெங்கே அது ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். 157, 248, 273 ஆம் இடங்களில் அதிகமாக ஒட்டியது. நுரையீரல் கட்டிகளில் ஏற்கனவே கண்டிருந்த உடைவு இடங்களும் அவையே. அதுவரை கணக்கெடுப்பில் மட்டும் இருந்த புகையும் புற்றும் அன்று ஒரு ஜீனின் குறிப்பிட்ட எழுத்தில் சந்தித்தன. என் தொழிலில் நான் வாசித்தவற்றுள் மனதில் ஆழமாகப் பதிந்தது இந்த முடிவுதான்.

யானை என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மனிதனுக்கு இரண்டு பிரதியுள்ள இந்த ஜீன் யானைக்கு இருபது சோடி அளவில் இருப்பதாக 2015இல் வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு நீண்ட ஆயுள், ஆனாலும் யானைக்குப் புற்றுநோய் அரிது. அதன் கலம் டிஎன்ஏ சேதம் கண்டவுடன் நம்முடையதை விட விரைவாகத் தன்னை அழித்துக்கொள்கிறது. யாருக்குப் பயந்து நாங்கள் பரண் கட்டுகிறோமோ, அதனுடைய உடம்புக்குள் எங்களை விடப் பலமான காவல்.

இனி ஆர்பி. இது குளத்துத் துருசு மாதிரி. உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் நிறைந்து நின்றாலும் துருசு திறந்தால்தான் வாய்க்காலில் இறங்கும். கலத்துக்குள் ஈ2எஃப் என்ற புரதக் கூட்டம் பிரிவுக்கு வேண்டிய ஜீன்களைத் திறக்கத் துடித்துக்கொண்டு நிற்கும். ஆர்பி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரியலாம் என்று சரியான செய்தி வந்தால் சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகள் ஆர்பியில் பொஸ்பேட்டை ஏற்றிப் பிடியைத் தளர்த்தும். பிரிவு முடிந்ததும் துருசு திரும்ப இறங்கும். பி16 என்றொரு புரதம் அந்த நொதிகளின் கையைப் பிடித்துக்கொள்ளும் மேற்பார்வையாளர்.

இந்தப் புரதத்தின் பெயர் வந்தது குழந்தைகளின் விழித்திரைப் புற்றிலிருந்து. 1971இல் அல்பிரட் நட்சன் 48 நோயாளர்களின் விவரத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பிரதியும் தனித்தனியாக அடிபட்டால்தான் இந்நோய் வரும் என்று கணக்கிட்டார். ஜீனையே கண்ணால் காண முன்பு போட்ட கணக்கு அது. ஜீன் கையில் கிடைத்தது 1986இல்.

அப்பாவின் தகட்டில் ஆர்பிக்குச் சாயம் போட்டபோது கட்டிக் கலங்கள் வெறும் நீலம். பக்கத்தில் ஓடும் சிறு இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்கள் மட்டும் கபிலம். சாயம் வேலை செய்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி. அவை கபிலமாகாவிட்டால் ‘இழக்கப்பட்டுள்ளது’ என்று எழுத மாட்டார்கள், எங்களைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். துருசுப் பலகையே இல்லாத குளத்தில் தண்ணீர் இரவு பகலாகப் பாயும். கேஐ-67 90 சதவீதம் என்ற மூன்றாவது வரி அதைத்தான் காட்டுகிறது: பத்தில் ஒன்பது கலம் பிரிவு வட்டத்துக்குள் இருக்கிறது.

இரண்டும் ஏன் சேர்ந்தே பழுதாக வேண்டும்? 2015இல் 110 சிறுகலக் கட்டிகளின் மரபுத்தொகுதியை முழுதாக வாசித்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் பி53, ஆர்பி இரண்டினதும் இரண்டு பிரதியும் பழுதாகியிருந்தன. இது தற்செயலான கூட்டு இல்லை. ஆர்பி மட்டும் போனால் ஈ2எஃப் கட்டவிழ்ந்து பாயும், அந்த வெள்ளமே பி53ஐ எழுப்பிவிடும், கலம் தன்னை அழித்துக்கொள்ளும். துருசு உடைந்த கலம் உயிர் தப்ப வேண்டுமானால் காவலும் செயலிழந்திருக்க வேண்டும். 2003இல் நெதர்லாந்தில் எலியின் நுரையீரலில் இந்த இரண்டு ஜீனையும் நீக்கிப் பார்த்தார்கள், சிறுகலப் புற்றைப் போன்ற கட்டி வந்தது. ஆகவே உங்கள் ‘பாதிப் பாதுகாப்பு’க் கேள்விக்கு விடை: இந்த வகைப் புற்று உருவாவதற்கான நிபந்தனையே அந்த இரண்டு பாதியும் போவதுதான்.

கட்டியின் நடத்தையும் இதிலிருந்தே வருகிறது. வேகமாக வளரும், வேகமாகப் பரவும். மூன்றில் இரண்டு பங்கு நோயாளர்களுக்கு, நோய் தெரியவரும்போதே நெஞ்சின் ஒரு பக்கத்தைத் தாண்டியிருக்கும். வைத்தியர் ஸ்கேனுக்கு அவசரப்படுவதும் மூளையையும் பார்க்க வேண்டும் என்பதும் அதனால்தான், தள்ளிப்போட வேண்டாம். அதே வேகம்தான் முதல் சிகிச்சையில் நமக்கு உதவுகிறது. சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினுடன் எட்டோபொசைட் சேர்த்துக் கொடுக்கும் கீமோ டிஎன்ஏயை உடைக்கும். நின்று திருத்தத் தெரியாத கலம் உடைந்த டிஎன்ஏயோடேயே பிரியப் போய்ச் செத்துவிடும். சிறுகலக் கட்டி சில வாரத்தில் நன்றாகச் சுருங்குவதைப் பலர் காண்பார்கள். ஆனால் தப்பிய கலங்கள் திரும்பி வருவதும் இந்நோயில் அதிகம். முதல் ஸ்கேனில் கட்டி சுருங்கியதைக் கண்டு கிளினிக்கை விட்டுவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நுரையீரல் புற்றுத்தான், அவருக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை, அப்பாவுக்கு ஏன் இல்லை என்றும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அவருக்கு இருப்பது அநேகமாக அடினோ வகை, அதிலே ஈஜிஎஃப்ஆர் போன்ற ஒரு ஜீன் ஓயாமல் இயங்கும்படி மாறியிருக்கும். ஓயாமல் இயங்கும் புரதத்தின் பள்ளத்துக்குள் மருந்தை அடைத்து நிறுத்தலாம். பி53, ஆர்பி விடயத்தில் தொலைந்த வேலையைத் திரும்ப உண்டாக்க வேண்டும், ஒவ்வொரு கலத்திலும். அது மாத்திரையால் இன்னும் கைகூடவில்லை. அடினோ வகையில் பி53 ஏறத்தாழப் பாதிக் கட்டிகளில் பழுதாகும். எஸ்டிகே11, கீப்1 என்ற வேறு அடக்கிகளும் அதிலே அடிபடும். எஸ்டிகே11 பழுதான கட்டிகளில் சில நோயெதிர்ப்புச் சிகிச்சைகள் எடுபடுவது குறைவு என்று 2018இல் தெரியவந்தது. உங்கள் அப்பாவின் வகையில் அவை பெரிய விடயம் இல்லை.

பி53ஐத் திரும்பக் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. நல்ல பி53 ஜீனை ஒரு வைரசில் ஏற்றிக் கட்டிக்குள் ஊசியாகப் போடும் சிகிச்சைக்குச் சீனாவில் 2003இல் அனுமதி கிடைத்தது, அது தலை, கழுத்துப் புற்றுக்கு. விகாரமான பி53ஐ நிமிர்த்தும் மருந்துகள் பரிசோதனையில் உள்ளன. ஆர்பி இல்லாததையே பயன்படுத்திக்கொண்ட அழகான யோசனை ஒன்றும் உண்டு. ட்ரைலாசிக்லிப் என்ற மருந்து சிடிகே4, சிடிகே6ஐத் தடுக்கும். கீமோவுக்குச் சற்று முன் அதை ஏற்றினால், ஆர்பி நன்றாக உள்ள, இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சைக் கலங்கள் துருசை இறக்கித் தற்காலிகமாக உறங்கும், கீமோவின் அடி அவற்றில் குறைவாக விழும். ஆர்பி இல்லாத கட்டிக்கு அந்தக் கட்டளை காதில் ஏறாது, முழு அடியும் அதற்கு. அமெரிக்காவில் 2021இல் சிறுகலப் புற்றுக்கு இதை அனுமதித்தார்கள். இதைத் தேடி அலைய வேண்டாம், இரத்தக் கலங்கள் குறைவதைத் தடுப்பதற்கான மருந்துதான் அது, கட்டியை அழிப்பது கீமோ.

அண்ணனின் மாத்திரைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பட்டியலில் உள்ளவை மஞ்சள் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு, பீட்டாகரோட்டீன். கட்டியில் உள்ள பி53 விகாரமானது என்றால், அதன் அளவைக் கூட்டுவது பரணில் இன்னும் நாலு பேரை ஏற்றுவதுதான். பீட்டாகரோட்டீன் விடயத்தில் இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 1994இல் வெளிவந்தது. நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நம்பித்தான் பீட்டாகரோட்டீன் மாத்திரை கொடுத்தார்கள். எடுத்தவர்களில் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. அப்பாவோடு கூட அண்ணனும் பீடி பிடிப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அவரும் அதைத் தொட வேண்டாம். கறியில் போடும் மஞ்சளும் கரட்டும் வேறு, அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். கீமோ நடக்கும்போது எந்தச் சாறு, தூள், குளிசை எடுத்தாலும் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பரம்பரை பற்றி: அப்பாவின் கட்டியில் உள்ள இந்தப் பழுதுகள் அநேகமாக அவருடைய நுரையீரலில், அவருடைய வாழ்நாளில் உண்டானவை. நுரையீரலில் ஏற்பட்ட விகாரம் பிள்ளைகளுக்குப் போகாது. கெட்ட பி53உடன் பிறக்கும் குடும்பங்களும் உண்டு, லீ-ஃபிரவ்மேனி என்று அதற்குப் பெயர், மிக அரிது. அக்குடும்பங்களில் சிறுபிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் பல வகைப் புற்று வரும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நீங்கள் சொல்லவில்லை. வீட்டுக்குள் பகிரப்பட்டது புகைதான். அடுப்படியில் விறகுப் புகை அடைந்து நின்றால் அதற்கும் ஒரு வழி செய்யுங்கள், அதையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

அண்ணனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். 2020இல் இங்கிலாந்தில் 16 பேரின் மூச்சுக்குழாய்க் கலங்களை ஒவ்வொன்றாக வளர்த்து டிஎன்ஏ வாசித்தார்கள். இன்னும் புகைப்பவர்களில் கலத்துக்குக் கலம் ஆயிரக்கணக்கில் கூடுதல் விகாரம். புகையை நிறுத்தியவர்களிடமோ சேதம் குறைந்த, புகைக்காதவருடையது போன்ற கலங்கள் சிலரில் 40 சதவீதம் வரை இருந்தன. புகைப்பவர்களிடம் இருந்ததை விட நான்கு மடங்கு. எங்கேயோ ஒதுங்கியிருந்த நல்ல கலங்கள் பெருகி இடத்தைப் பிடித்திருக்கின்றன. பி53உம் ஆர்பியும் பழுதாகியிருக்கும் வாய்ப்புக் குறைந்த கலங்கள் அவை. அண்ணனுக்கு அவற்றைக் கூட்டும் வழி பீடியை நிறுத்துவது. மாத்திரைக்கு ஒதுக்கிய காசு மட்டக்களப்புக்கோ மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அப்பாவைக் கூட்டிப் போய்வரும் செலவுக்கு உதவும்.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவை: நோய் நெஞ்சின் ஒரு பக்கத்துக்குள் நிற்கிறதா, தாண்டிவிட்டதா, கீமோவோடு கதிர்ச் சிகிச்சையும் உண்டா, மூளைக்குத் தடுப்புக் கதிர் பற்றி என்ன நினைக்கிறார், காய்ச்சல் வந்தால் இரவிலும் எங்கே வர வேண்டும். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள், கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் காலை வரை பார்த்திருக்கக் கூடாது.

ரிப்போட்டின் மேல் மூலையில் ஒரு இலக்கம் இருக்கும். அது அப்பாவின் மெழுகு புளொக்கின் இலக்கம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேறு வைத்தியசாலையில் இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டி வந்தால், திரும்பவும் அப்பாவின் நெஞ்சில் ஊசி குத்தாமல் அந்தப் புளொக்கிலிருந்தே ஒரு சீவல் எடுக்கலாம்.